நாற்பத்தேழாம் எண் சட்டை

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்றைக்கு மட்டும் முப்பத்தேழு பெயர்களைப் பிரித்தேன். விரல் நுனியெல்லாம் எரிகிறது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நோட்டு மஞ்சரி வாங்கிக் கொடுத்தது. "வேலையில நடக்கறதை வெளிய சொல்லக் கூடாதுன்னு அங்க சட்டம். இதுலயாவது எழுதி வைம்மா, இல்லைன்னா உனக்கு வயிறு வெடிச்சுரும்" என்றாள். மகள் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும், அவள் வீட்டில்தானே சோறு.

முதலில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன், பின்னால் நானே படித்தாலும் விளங்க வேண்டுமே. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் ஓடுவான். எதிராளிகள் மேலே விழுந்து அவனைச் சாய்ப்பார்கள். ஒரு மேட்சுக்குப் பத்துப் பதினைந்து தடவை பந்து காலில் பட்டால் அதிகம், பெயர் என்னவோ ஃபுட்பால். எங்கள் அணி டொலீடோ ஹெரான்ஸ். டொலீடோ இந்த ஊர்ப் பெயர், ஹெரான் என்றால் நாரையாம். நூற்றிருபது கிலோ ஆம்பிளைகள் தோளில் நாரைப் படம் போட்டுக்கொண்டு மோதுகிறார்கள். நாரைக்குத் தெரிந்தால் வெட்கப்படும்.

என் வேலை சட்டை. முதுகில் எண், எண்ணுக்கு மேலே பெயர்ப்பட்டி. ஆள் வந்தால் பட்டியைத் தைக்க வேண்டும், ஆள் போனால் பிரிக்க வேண்டும். கோடையில் தொண்ணூறு பேரைச் சேர்த்துப் பழக்குவார்கள். ஆகஸ்ட் கடைசிச் செவ்வாயோடு ஐம்பத்து மூன்று பேர்தான் இருக்கலாம் என்பது விதி. பட்டியல் காலை எட்டு மணிக்கு என் மேசைக்கு வந்துவிடும். ஆட்டக்காரர்களுக்குப் பத்து மணிக்குத்தான் சொல்வார்கள். அந்த இரண்டு மணி நேரமும் அத்தனை பேர் தலையெழுத்து என் மடியில் கிடக்கும்.

"இந்த ரூம்ல பார்த்தது இந்த ரூம்லயே இருக்கணும், தனா" என்பார் வால்ட். சாமான் அறைக்கு அவர்தான் பொறுப்பு, அறுபது வயது. தனபாக்கியம் என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்துத் தோற்றுப்போய்த் தனா ஆக்கிவிட்டார்.

ஒன்பதரைக்கு லெமுவல் எட்டிப் பார்த்தான். நாற்பத்தேழாம் எண். முப்பத்திரண்டு வயது, இந்த ஆட்டத்தில் அது கிழவன் வயது. பந்தை எதிர்ப்பக்கம் உதைத்து அனுப்பியதும் முதல் ஆளாக ஓடிப்போய் மோதுவதுதான் அவன் பிழைப்பு. அவன் பேசுவது இங்கிலீஷ். என் மனசில் நம்ம பேச்சாகத்தான் பதிகிறது, அப்படியே எழுதுகிறேன்.

"மிஸ் தனா, என் பேரு உங்க குப்பைக் கூடையில இருக்கா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஆனால் கதவுப் பிடியை விடவில்லை.

நான் வாயைத் திறக்கக் கூடாது. "உன் பேன்ட்டுல கீழ்மடிப்பு பிரிஞ்சிருக்கு தம்பி. கொண்டாந்து குடு, முதல் மேட்சுக்குள்ள தைச்சு வைக்கறேன்" என்றேன்.

விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் மேசையைச் சுற்றி வந்து என் உச்சந்தலையில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேன்ட்டைப் பற்றித்தான் பேசினேன்.

அவன் இடத்துக்கே பழகுகிற கேலப் ரூனியும் தப்பித்தான். இருபத்திரண்டு வயது, நெப்ராஸ்காவில் சோளம் போடுகிற குடும்பம். லெமுவலுக்கு ஏதாவது ஆனால் அந்த இடத்துக்கு அவன்.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்று முதல் மேட்ச். தோல்வி. பதினான்கு சட்டை கிழிசல். புல் கறைக்கு எலுமிச்சம்பழம் வேண்டுமென்றேன், வால்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மறுபடியும் தோல்வி. தோற்றால் செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை அதிகம். இரண்டு பெயர் போனது, இரண்டு பெயர் வந்தது. வந்ததில் ஒன்றுக்குப் பதினான்கு எழுத்து, ஒரு தோளில் தொடங்கி மறு தோளில் முடிகிறது.

மஞ்சரி இட்லி வேகும்போது நோட்டை எட்டிப் பார்த்தாள். "அப்பாவைப் பத்தி எழுதறியாம்மா?"

"சட்டையைப் பத்தி எழுதறேன் கண்ணு."

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். அவர் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி வைத்து அவர் கத்தியை ஓட்டினால் நூறு அடுக்கும் ஒரே அளவில் வரும். மஞ்சரி புருஷன் இங்கேயே பிறந்தவர். அவர் இறந்த பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை இங்கே வரவழைத்துவிட்டார்கள். "அவர்" என்று இரண்டு பேரையும் எழுதிவிட்டேன். இறந்தது என் வீட்டுக்காரர். மருமகன் நன்றாக இருக்கிறார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை ஆட்டக்காரர்களுக்கு லீவு. லெமுவல் வந்தான். வந்ததும் கதவைச் சாத்தினான்.

இந்தச் சட்டைகள் தோள் கவசத்துக்கு மேலே மாட்டுகிறவை. ஒருத்தனால் தானே போட்டுக்கொள்ள முடியாது. இரண்டு கையையும் தூக்கி நிற்பான், பக்கத்தில் இருக்கிறவன் இழுத்து இறக்கிவிடுவான். தினமும் ஒருத்தருக்கொருத்தர் செய்வதுதான்.

"இடது கை மேல வரமாட்டேங்குது" என்றான். "தோளுக்கு மேல தூக்கினா கழுத்துலருந்து விரல் வரைக்கும் மின்சாரம் அடிச்ச மாதிரி இருக்குது, அப்புறம் மரத்துருது. நேத்து ஒருத்தன் சட்டையை இழுத்து விடறப்ப கத்தியிருப்பேன். பல்லைக் கடிச்சுட்டு நின்னேன்."

"டாக்டர்கிட்டச் சொல்லு தம்பி."

"சொன்னா காயப் பட்டியல்ல போடுவாங்க. நாலு வாரம். நாலு வாரத்துல கேலப் என் இடத்துல ஆடிக் காட்டிருவான், நல்லா ஆடற பையன் வேற. அப்புறம் என்னை எதுக்குத் திருப்பிக் கூப்பிடறாங்க? என் வயசுக்கு வேற எந்த டீமும் எடுக்காது. எனக்கு இதை விட்டா ஒரு வேலையும் தெரியாது, மிஸ் தனா."

கைக்குக் கீழே கொஞ்சம் விட்டுக் கொடுக்கச் சொல்கிறான். துணி தாராளமாக இருந்தால் கையைத் தூக்காமலே, குனிந்து நுழைத்துத் தானே மாட்டிக்கொள்வானாம். யாரும் கிட்டே வர வேண்டாம்.

சட்டை இறுக்கமாக இருப்பது அழகுக்கு அல்ல. எதிராளி கைக்குத் துணி சிக்கக் கூடாது, அதற்காக. வால்ட் முதல் நாளே எனக்குச் சொன்ன பாடம் அது.

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

அக்டோபர் 1, புதன்

செய்துவிட்டேன். விலாத் தையலைப் பிரித்து அக்குளிலிருந்து இடுப்பு வரை நான்கு விரல் அகலத்துக்கு இழுபடுகிற துணி. அதே நீலம், அதே நெய்வு. இரண்டு சட்டைக்கும், வீட்டு மேட்சுக்கு ஒன்று, வெளியூர் மேட்சுக்கு ஒன்று. வெளிப்பக்கம் பார்த்தால் நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உடம்புக்குத் தகுந்தபடி துணி இருக்க வேண்டும். தையல்காரி வேலை அதுதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

ஜெயித்தோம்! லெமுவல் இரண்டு பேரைச் சாய்த்தான். தானே சட்டையை மாட்டிக்கொண்டதைப் பார்த்து, "கிழவனுக்குக் கர்வம் வந்துருச்சு, யாரையும் கிட்ட விடமாட்டேங்கறாரு" என்று கேலப் கிண்டல் செய்தானாம். லெமுவலே வந்து சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ரவா லட்டு பிடித்து டப்பாவில் எடுத்துப் போனேன். வால்ட் நான்கு தின்றார். கேலப் தன் அம்மாவுக்கு என்று இரண்டைக் காகிதத்தில் சுருட்டி வைத்துக்கொண்டான். நெப்ராஸ்கா போய்ச் சேர்வதற்குள் அது மாவாகிவிடும் என்றேன், பரவாயில்லை என்றான். தினமும் அம்மாவிடம் பேசுகிற பிள்ளை.

லெமுவல் வலது கையில் போனை வைத்திருந்ததால் இடது கையில் வாங்கினான். லட்டு கீழே விழுந்து உடைந்துபோனது. குனிந்து பொறுக்கினான், அதுவும் விழுந்தது.

நெய் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. அடுத்த முறை குறைக்க வேண்டும். கேலப் வாங்கினது வழுக்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்னும் இரண்டு விரல் விட்டுக் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன்.

"இது சரியாப் படலை தம்பி" என்று ஒரு தடவை சொன்னேன். "இன்னும் ஒன்பதே மேட்ச், மிஸ் தனா. சீசன் முடிஞ்ச மறுநாள் டாக்டர்கிட்டப் போறேன், சத்தியமா" என்றான். இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இந்த நோட்டு கேட்காது, இருந்தாலும் எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒளிக்கத் தெரியாது. வலது கை மரத்துப்போகிறது, கத்தி பிசகிவிடும் போலிருக்கிறது என்று அவரே போய் மேனேஜரிடம் சொன்னார். நேர்மையான மனுஷன் என்று தோளில் தட்டி அனுப்பினார்களாம். அடுத்த வாரம் அவர் மேசையில் வேறொருத்தர் நின்றார். "உடம்பைப் பாத்துக்கங்க மாஸ்டர், சரியானதும் வாங்க" என்றார்கள். கை சரியானதும் போனார். மேசை காலியில்லை. பத்து மாதம் வீட்டில் இருந்தார். அப்புறம் போய்விட்டார்.

ஆக, உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

வீட்டு மேட்ச். பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியில் எங்கள் அறை. கூட்டம் கத்துவது கூரை வழியாகக் கேட்கும், டிவியில் அது கொஞ்சம் பிந்தி வரும். மூன்றாம் பகுதி தொடங்குவதற்குப் பந்தை உதைத்தார்கள். மேலே சத்தம் கேட்டது, உடனே நின்றுபோனது. அறுபதாயிரம் பேர் ஒரே சமயத்தில் வாயை மூடினால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிறகுதான் டிவியில் வந்தது. நாற்பத்தேழு ஓடினான். எதிராளி ஒருத்தன் பக்கவாட்டில் பிடித்து இழுத்தான். லெமுவல் உடம்பு திரும்பியது, தலை குனிந்தது, அந்த நேரம் பார்த்து இன்னொருத்தன் எதிரே வந்து மோதினான். லெமுவல் அப்படியே கிடந்தான். டாக்டர்கள் ஓடினார்கள். கத்தரியால் சட்டையைக் கீறினார்கள். பலகையில் வைத்துக் கட்டித் தூக்கிப் போனார்கள். இரண்டு அணிக்காரர்களும் முழங்காலில் நின்றார்கள்.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எந்தக் கை எங்கே பிடித்தது என்று நான் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

கழுத்தில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லையாம். கை கால் பற்றி இப்போது சொல்ல முடியாதாம்.

மேட்ச் சட்டைகள் எல்லாம் வழக்கம்போல என் மேசைக்கு வந்தன. அவனுடையது தனிப் பையில். கத்தரி முன்பக்கம் நடுவாகப் போயிருக்கிறது. நான் விலாவைத் திருப்பிப் பார்த்தேன். நான் வைத்த துணி ஒரு கைப்பிடி அளவுக்கு இழுபட்டு, திரும்பச் சுருங்காமல் தொங்கியது.

தையல் ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை. நல்ல தையல்.

வால்ட் வந்து பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இதை நான் பாத்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க, தனா" என்றார்.

நவம்பர் 12, புதன்

மழை. துவரம் பருப்பு தீர்ந்துவிட்டது.

நவம்பர் 15, சனி

மஞ்சரி கேட்கிறாள், ஏன் சாப்பிடுவதில்லை என்று. பல் வலி என்றேன். பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். இனி அதற்கு வேறு போய் வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

நவம்பர் 22, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மஞ்சரி கீழே காரில் இருந்தாள்.

கழுத்தைச் சுற்றிப் பட்டை. கால் அசைகிறது, பிடித்துக்கொண்டு பத்து அடி நடக்கிறானாம். இடது கை போர்வை மேல் அவனுக்குச் சம்பந்தமில்லாததுபோலக் கிடந்தது. அது இனி அப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அவன் மனைவி ரெனே என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "லெம் சொன்னாரு. அங்க இருக்கற அத்தனை பேர்லயும் நீங்க ஒருத்தர்தான் அவரு வலியைக் காது குடுத்துக் கேட்டீங்களாம். நீங்க நல்லா இருக்கணும்" என்று அழுதாள். நான் நின்றேன். அவள் தலைமுடி என் வாயில் பட்டது.

லெமுவல் அவளைக் காப்பி வாங்க அனுப்பினான். கதவு சாத்தினதும், "ரெனேவுக்குச் சட்டை விஷயம் தெரியாது. தெரிய வேண்டாம்" என்றான்.

"நீ வீடியோவைப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்."

"நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா உங்களை ஆயுசுக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன், மிஸ் தனா" என்றான். "என்னைக் கெடுத்தது நீங்கதான்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சொல்லியிருப்பேன்."

சிரிக்கப் பார்த்தான். எனக்கு வீட்டுக்கு வந்து குளிக்கிற வரைக்கும் அழுகை நிற்கவில்லை. என்னால்தான். எழுதிவிட்டேன். அந்தக் கை போனது என்னால்தான்.

டிசம்பர் 2, செவ்வாய்

லெமுவல் இடத்தில் இப்போது கேலப். மூன்று மேட்சில் நன்றாக ஆடியிருக்கிறான், பேப்பரில் படம் வந்தது. லீவு நாளில் என் அறைக்கு வந்தான். வந்ததும் கதவைச் சாத்தினான்.

"லெம் சட்டையை நீங்கதானே ஏதோ பண்ணிக் குடுத்தீங்க? அவரு சொல்லலை. நானே பாத்திருக்கேன், அவரு எப்படி மாட்டறாருன்னு." தன் சட்டையை மேசையில் வைத்தான். "எனக்கும் அப்படிப் பண்ணித் தாங்க."

"எதுக்கு?"

"ஒண்ணும் இல்லை. போன வாரம் மோதுனதுல ரெண்டு கையும் கொஞ்ச நேரம் எரிஞ்சுது. அப்புறம் சரியாப் போச்சு. தூக்கறப்ப மட்டும்தான்."

"ரெண்டு கையுமா?"

"யார்கிட்டயும் சொல்லிராதீங்க. இந்த இடத்துக்காக ஆறு வயசுலருந்து ஓடிட்டு இருக்கேன். லெம்முக்கு அப்படி ஆனதாலதான் எனக்குக் கிடைச்சுது, அதுவே எனக்கு உறுத்துது. இப்ப விட்டா திரும்பக் கிடைக்காது. உங்களை நம்பித்தான் வந்திருக்கேன்."

வியாழக்கிழமை வா என்று சொல்லி அனுப்பினேன். சட்டை என் மேசையில் இருக்கிறது. பெயர் ரூனி, எண் ஐம்பத்தொன்பது.

டிசம்பர் 3, புதன்

காலையில் வால்ட் காப்பியோடு உட்காரும் வரை காத்திருந்தேன். கேலப் சொன்னதைச் சொன்னேன். ஆட்டக்காரன் ரகசியத்தை வெளியே சொல்வது இந்த அறையில் பெரிய குற்றம் என்று தெரியும். அப்புறம் லெமுவல் சட்டையில் நான் செய்ததையும் சொன்னேன். நான்கு விரல், அப்புறம் இரண்டு விரல், தேதியோடு சொன்னேன்.

வால்ட் குவளையைக் கீழே வைத்தார். "அந்தப் பையை உங்க கையிலருந்து ஏன் வாங்கினேன்னு நினைச்சீங்க? அன்னைக்கே பாத்துட்டேன். துணியை வெட்டி எடுத்து எரிச்சுட்டேன்" என்றார். "முப்பது வருஷமா நான் எத்தனை பேரு வலியைப் பாத்துட்டுச் சும்மா இருந்திருக்கேன், தெரியுமா? இந்த ரூம்ல பார்த்தது இந்த ரூம்லயேன்னு உங்களுக்குச் சொன்னதே நான்தானே."

"இதை அப்படி விட முடியாதுங்க."

"அந்தப் பையன் உங்களைத் திட்டுவான்."

"திட்டட்டுங்க."

"உங்க விஷயத்தையும் மேல சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்க."

எழுந்து டாக்டர் அறைப் பக்கம் போனார். நான் உட்கார்ந்து கிழிந்த சாக்ஸ்களைத் தைத்தேன். இருபத்தொரு ஜோடி. மத்தியானம் கேலப்பை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போது என் கதவைத் தாண்டித்தான் போனான். நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருக்கலாம்.

டிசம்பர் 9, செவ்வாய்

என் விஷயத்துக்கு மேலேயிருந்து இன்னும் பதில் வரவில்லை. எட்டு மணிக்குப் பட்டியல் வந்தது. ஒரே ஒரு பெயர்.

கேலப்புக்குக் கழுத்தெலும்புக்குள் நரம்பு போகிற வழி பிறவியிலேயே குறுகலாம். இன்னும் ஒரு அடி பலமாகப் பட்டிருந்தால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசைந்திருக்காது என்று டாக்டர் வால்ட்டிடம் சொன்னாராம். எந்த அணியும் இனி அவனை ஆட விடாது. இருபத்திரண்டு வயதில் எல்லாம் முடிந்துவிட்டது.

பெயரைப் பிரித்தேன். ஐந்தாறு நிமிஷ வேலை. அரை மணி நேரம் ஆனது.

பதினொரு மணிக்குத் தன் சாமான்களைக் கறுப்புப் பையில் போட்டுக்கொண்டு வந்து என் வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது.

"உங்களை நம்பி வந்தேன்."

"ஆமா தம்பி."

"என் கழுத்து, என் உயிரு. நீங்க யாரு அதைப் போய்ச் சொல்றதுக்கு? துணி தைக்கத்தானே உங்களை வெச்சிருக்காங்க?" கத்தினான். "ஊர்ல என் அப்பா டிராக்டர்ல என் நம்பரை எழுதி வெச்சிருக்காரு. அவருகிட்ட நான் என்ன சொல்லட்டும்? சொல்லுங்க. என்ன சொல்லட்டும்?"

உன் உயிரைக் காப்பாற்றினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, யாரைப் பலி கொடுத்து அதைக் கற்றுக்கொண்டேன் என்று எனக்குத் தெரியும். போய்விட்டான்.

பன்னிரண்டு மணிக்குச் சோற்று டப்பாவைத் திறந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தில் அவன் வண்டி நின்றது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் முக்கால்வாசி மூடிவிட்டது. வண்டி கிளம்பவில்லை, எஞ்சின் ஓடுகிற புகையும் இல்லை. உள்ளே ஆள் இருப்பது மட்டும் நிழலாகத் தெரிந்தது.

பன்னிரண்டரைக்கும் அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர் கடைசி நாள் காலையில் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பும்போது, "இன்னைக்கு ஒரு நாளு போகாத இரேன், பாக்கியம்" என்றார். பத்து மாதத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். கம்பெனியில் அன்றைக்குச் சரக்கு அனுப்புகிற நாள். மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். மாரடைப்பு என்றுதான் மஞ்சரியிடம் சொல்லியிருக்கிறேன், அது மாரடைப்பில்லை. அவர் கேட்டதையும் நான் போனதையும் இன்றைக்குவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னதால் அவர் சாகவில்லை. சொன்ன பிறகு பக்கத்தில் ஒருத்தர் இல்லாததால் செத்தார். நான் இல்லாததால்.

டப்பாவை மூடக்கூட இல்லை. கோட்டு எடுக்காமல் வெளியே போனேன். செருப்புக்குள் பனி ஏறியது. அவன் வண்டிக் கண்ணாடியைக் கையால் துடைத்துத் தட்டினேன்.

"போங்க" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

போகவில்லை. மறுபடியும் தட்டினேன். கெட்ட வார்த்தை சொன்னான். இந்த நாட்டுக் கெட்ட வார்த்தையெல்லாம் இரண்டு வருஷத்தில் எனக்குப் பழகிவிட்டது. நின்றேன். காது வலித்தது, அப்புறம் காது இருப்பதே தெரியவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் மறுபக்கக் கதவுப் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது.

சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கறுப்புப் பையை மடியில் வைத்து அதன் மேல் நெற்றியைச் சாய்த்திருந்தான்.

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். என்னை நீ மன்னிக்கவும் வேண்டாம். உன் அம்மாவைக் கூப்பிடு."

"அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் சாமி. கூப்பிடு, போதும்."

ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான். அழுதான். நான் அவன் முதுகில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை. அப்புறம் அழுத்தினான். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றுபோனது. மறுபடியும் அழுத்தச் சொன்னேன்.

அவன் அம்மா போனை எடுக்கிற வரைக்கும் நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.